ரெண்டும்தான் சார்

அந்தப் பழைய வண்டி இப்போது ஆயில் குடிப்பதில்லை. என் மெக்கானிக் வேலைக்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் வண்டிக்காரர் கேட்டது அதை இல்லை. "எதுனால தம்பி ஆயில் போச்சு? நோட்டுல எழுதணும்" என்றார். "ரெண்டும்தான் சார்" என்றேன்.

வண்டி ஆயில் குடிக்கிறது என்று அந்த நோட்டை வைத்துத்தான் நானும் நம்பினேன். 1000 கி.மீ.க்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றியிருந்தார். அடியில் அட்டை விரித்தால் சொட்டு இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் சுத்தம். கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் ஒரே மாதிரி. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஆயில் ரிங் இறுகிக் கிடந்தால் கம்ப்ரஷன் காட்டிக்கொடுக்காதுதான். ஆனால் மேட்டில் இழுக்கும்போது புகையே இல்லை; அதனால் ரிங் மேல் சந்தேகம் வரவில்லை. இறக்கம் முடிந்து மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் குப்பென்று நீலப் புகை.

அங்கேதான் சிக்கல். ஆக்சிலேட்டரை விட்டதும், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் கூடும். வால்வுத் தண்டில் ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் விறைத்திருந்தால், அந்த வெற்றிடம் தண்டு வழியே ஆயிலை உறிஞ்சும். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிரீத்தர் வால்வு 1960களின் பல இன்ஜின்களில் உண்டு. அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கிழிந்தாலும் ஆயில் அதே வழியில்தான் போகும். இந்த வண்டியில் சீலும் விறைப்பு, டயாஃப்ரமும் கிழிசல்.

"அண்ணே, அந்த ஹோஸை மட்டும் அடைச்சு, பிரீத்தரை வெளியே விட்டு ஓட்டிப் பார்க்கலாமே" என்றான் கூட இருந்த பையன். எது என்று அதில் தெரிந்திருக்கும். "கிழிஞ்ச ரப்பரைக் கையில வெச்சுக்கிட்டு என்னத்தடா ஓட்டிப் பார்க்கிறது?" என்று இரண்டையும் மாற்றினேன். கெட்டுப்போனது என்று தெரிந்தும் ஒன்றை விட்டுவைக்க முடியுமா? நாளைக்கே வந்தாலும் இப்படித்தான் செய்வேன். ஆனால் டயாஃப்ரம் மட்டும்தான் காரணம் என்றால், சீல் வேலைக்கு அவர் கொடுத்த கூலி?

ஸ்பிரிங்கைக் கழற்றியபோது வால்வுத் தண்டை ஆட்டிப் பார்த்தேன். லேசாக ஆடியது. ஹெட்டை இறக்கி அளந்தால்தான், தண்டு ஓடும் குழலான கைடின் தேய்மானம் உறுதியாகும். புது சீல் அதைக் கொஞ்ச காலம் மறைத்துவிடும். இதையும் அவரிடம் சொன்னேன்.

"அதையும் எழுதிக்கவா?"

"வேண்டாம் சார்" என்றேன். எழுதியிருந்தால் ஒவ்வொரு தடவை டிப்ஸ்டிக்கை இழுக்கும்போதும் மனுஷனுக்கு அதே நினைப்பாக இருக்கும்.