சட்டியடியில் எழுதிய எடை

ஜனவரி 5, சுங்கை சிப்புட், மலேசியா

மழை விட்டும் விடாத காலை. உடம்பு எடையைக் குறைக்க, சாப்பிடுவதை எடைபோட்டுக் கலோரிக் கணக்கு எழுதப் பழகுவோம். முதல் வேலை தராசு வாங்குவது. 5 கிலோ வரை, 1 கிராம் துல்லியமாக நிறுக்கும் சமையலறைத் தராசு போதும். எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தான் மட்டும் கட்டாயம். தட்டை வைத்து அழுத்தினால் பூஜ்யம்; சோற்றைப் போட்டால் சோற்றின் எடை; மறுபடி அழுத்திக் குழம்பை ஊற்றினால் குழம்பின் எடை. ஒரே தட்டு, கழுவும் வேலையும் மிச்சம்.

இந்த வாரம் எதையும் குறைக்கக் கூடாது. வழக்கம்போலச் சாப்பிடுங்கள், எழுதுங்கள், அவ்வளவுதான். முதல் நாளே குறைத்துவிட்டால் எந்தப் பழக்கம் எடையை ஏற்றியது என்று தெரியாமலே போய்விடும். சாப்பிடுமுன் எழுத வேண்டும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதும் கணக்கில், அடுப்படியில் ருசி பார்த்ததும் பிள்ளை மிச்சம் வைத்த அரை ரொட்டியும் வரவே வராது. 1992-இல் அமெரிக்காவில், ‘குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை’ என்றவர்களை அளந்து பார்த்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைவு. பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். நினைவு அப்படித்தான் வேலை செய்யும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இதைத் தனியாகத் தொடங்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். சோறு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

ஜனவரி 6

இன்று எண்: நாளுக்கு எத்தனை கலோரி. எடை கிலோவில் × 10, உயரம் சென்டிமீட்டரில் × 6.25, இரண்டையும் கூட்டி, வயது × 5-ஐக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரம் இது. 72 கிலோ, 155 செ.மீ., 40 வயதுப் பெண்ணுக்கு 720 + 969 − 200 − 161, அதாவது 1,328 கலோரி. படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிப்பது இது.

உட்கார்ந்த வேலைக்கு இதை 1.2-ஆலும், கொஞ்சம் நடமாட்டம் இருந்தால் 1.375-ஆலும் பெருக்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். விடியுமுன் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க ரப்பர் மரம் வெட்டிப் பால் சுமந்த தாத்தாவுக்கு மலைபோல் சோறு சரி. அதே மங்குச் (கிண்ணச்) சோற்றைப் பேரன் கார்டு (காவலாளி) வேலைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சந்தேகமாக இருந்தால் சின்ன எண்ணையே எடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டு வேலை, கடைக்கு நடை எல்லாம் உண்டு; 1.375 போட்டால் 1,826. அதில் 375 குறைத்து, இலக்கு 1,450. பெண்கள் 1,200-க்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே மருத்துவர் பார்வையில்லாமல் இறங்க வேண்டாம்.

ஜனவரி 8

தே தாரிக், கடையில் ஆற்றித் தரும் இனிப்புப் பால் தேநீர். அதற்கு ஊற்றும் பால் டின்னில் ‘கிரீமர் மானிஸ்’ (இனிப்புக் கிரீமர்) என்று போட்டிருந்தால் அது முழுக்கப் பாலல்ல; பால் கொழுப்பு இருந்த இடத்தில் செம்பனை எண்ணெய். 100 கிராமுக்குச் சுமார் 330 கலோரி. கடையில் கிளாஸுக்குத் தாராளமாக இரண்டு மேசைக்கரண்டி, 40 கிராம் விழும். அதுவே 130. பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் 390 ஆயிற்று. 300 கிராம் வெந்த சோற்றுக்கும் அதே 390தான். ஆனால் ‘நான் சோறே சாப்பிடுவதில்லை’ என்கிறவர் தேத்தண்ணியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று கேட்டால் எவ்வளவு குறையும் என்பது ஊற்றுகிறவர் கையைப் பொறுத்தது. ‘தே ஓ கொசோங்’ என்றால் சீனியும் இல்லை, பாலும் இல்லை, கணக்கும் இல்லை.

ஜனவரி 10

அரிசி வேறு, சோறு வேறு. 100 கிராம் அரிசி 360 கலோரி. வெந்தால் தண்ணீர் குடித்து 280 கிராமுக்குக் குறையாமல் வரும். சோறாக 100 கிராமுக்கு 130. வெந்த சோறு 200 கிராமை ‘அரிசி’ என்று பதிவு செய்தால் 260 இருக்க வேண்டிய இடத்தில் 720 விழும். பயந்துபோய் அன்றைக்கே நிறுத்தியவர்கள் உண்டு.

செயலியில் யாரோ ஏற்றிய எண்ணை நம்பாதீர்கள். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு 9. ஒரு பண்டத்தில் மாவு 30, புரதம் 4, கொழுப்பு 10 என்று போட்டு, மேலே 140 கலோரி என்றால் பொய். கூட்டினால் 226 வரும். பொட்டலங்களில் ‘தெனாகா’ (ஆற்றல்) என்ற வரியைப் பாருங்கள்; கலோரி அங்கேதான். ‘செதியாப் ஹிடாங்கான்’ என்ற பத்தி ஒரு பரிமாறலுக்கு, முழுப் பொட்டலத்துக்கு அல்ல.

ஜனவரி 13

பொங்கல் வருகிறது, வாணலியும் பெரிய சட்டியும் இறங்கும் நேரம். சட்டிக் கணக்கை இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சட்டியையும் காலியாக நிறுத்து, அடிப்பக்கத்தில் அழியாத மையில் எழுதி வையுங்கள். கரி ஏறும் அடி என்றால் சுவரில் ஒட்டுங்கள். இன்றைய கோழிக்கறி: தோலும் எலும்பும் நீக்கிய கோழி 600 கிராம், 720 கலோரி. உருளைக்கிழங்கு 300, 230. வெங்காயம் 200, 80. மசாலாத்தூள் 30, 100. பெட்டித் தேங்காய்ப்பால் 200 மி.லி., லேபிள்படி 400. எண்ணெய் 60 கிராம், 540. மொத்தம் 2,070.

இறக்கியபின் சட்டியோடு நிறுத்துச் சட்டியின் எடையைக் கழித்தால் 1,800 கிராம் கறி. 2,070-ஐ 1,800-ஆல் வகுத்தால் கிராமுக்கு 1.15. தட்டில் 150 கிராம் விழுந்தால் 172. கறி சுண்டினாலும் தண்ணீர் கூடினாலும் மொத்தக் கலோரி மாறாது. அதனால்தான் கடைசி எடை வேண்டும்.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து 940, பாதிக்குக் கொஞ்சம் கீழே. கோழி 720தான். எண்ணெயை 60-இலிருந்து 20-க்குக் கொண்டுவந்தால் ஒரு சட்டியில் 360 போகிறது. கோழித்துண்டு ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலத்தின் மூலையைக் கத்தரித்து நேராகச் சட்டியில் சாய்க்கிற கைக்கு 60 கிராம் ஒன்றுமே இல்லை. போத்தலுக்கு மாற்றி, போத்தலை ஊற்றுமுன் ஒருமுறை, ஊற்றியபின் ஒருமுறை நிறுங்கள்.

ஜனவரி 17

வடைக்கு என்ன செய்வது? அதே வழி. பொரிக்குமுன் வாணலியை எண்ணெயோடு நிறுங்கள், முழுக்க ஆறியபின் மறுபடி. வித்தியாசம் ஏறக்குறைய வடை குடித்த எண்ணெய், கிராமுக்கு 9. சூடாக இருக்கும்போது தராசில் வைத்தால் தராசு போகும், கையும் போகும்.

கடைச் சாப்பாட்டுக்கு இந்த வசதி இல்லை. ரொட்டி சானாய் (பரோட்டா) ஒன்றுக்கு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள், பருப்புக்கறி தனி. மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) ‘குவா பஞ்சிர்’, அதாவது குழம்பை வெள்ளமாக ஊற்று, என்று சொல்லும் முன் சட்டிக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். குழம்பைத் தனி மங்கில் கேளுங்கள்.

ஜனவரி 22

தைப்பூச விரதம் இருப்பவர்கள் கவனிக்க: சைவம் என்பதால் கலோரி குறையாது. நெய் நெய்தான். புளிக்கவைத்த சோயாக் கட்டியான டெம்பே 100 கிராமில் 19 கிராம் புரதமாவது உண்டு. வறுக்காமல் குழம்பில் போட்டால் நல்ல துணை.

காலை எடை கூடிவிட்டது என்ற புலம்பல் இந்த வாரத்துக்கே உரியது. கழிப்பறை போய்விட்டு, பசியாறுமுன், சிமெண்டுத் தரையில் நின்று நிறுங்கள். கேட்டாப் (ரப்பர்) பாயில் வைத்தால் எண் ஆடும். ஒரு வாரம் 72.4, 72.9, 71.8, 72.1, 73.0, 72.3, 71.9 என்று வந்தால் சராசரி 72.3. அந்த 73.0 கருவாட்டு உப்பு பிடித்து வைத்த தண்ணீர். ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு ஏற 7,700 கலோரி மிச்சமாக வேண்டும்; முந்தின நாள் அப்படியா சாப்பிட்டோம்?

பிப்ரவரி 2

இனி சூத்திரத்தைத் தூக்கி ஓரமாக வைக்கலாம். குறைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் நீர் எடைதான் அதிகம் இறங்கும். அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். ஜனவரி 6-இல் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் வாரச் சராசரி 71.9, நான்காம் வாரச் சராசரி 71.1 என்று வைத்துக்கொள்வோம். 14 நாளில் 0.8 கிலோ. 0.8 × 7,700 என்பது 6,160. 14-ஆல் வகுத்தால் நாளுக்கு 440. அந்த நாள்களில் எழுதிய சாப்பாட்டுச் சராசரி 1,450. இரண்டையும் கூட்டினால் 1,890. சூத்திரம் சொன்னது 1,826; உடம்பு சொல்வது 1,890. இனி இதில்தான் கழிக்க வேண்டும்.

கணக்கு நேர்மாறாக, 1,500 என்று வந்தால் உடம்பைக் குறை சொல்லுமுன் எண்ணெய்ப் போத்தலை மூன்று நாள் நிறுத்துப் பாருங்கள். அடுத்த கணக்கு எடை இன்னும் 4 கிலோ இறங்கியபிறகு.