இரும்புக்கை பிரபுவின் வரவு செலவு

ஜனவரி 11
கோட்ஸ் ஃபான் பெர்லிஹிங்கன் வயதான காலத்தில் சொல்லி எழுதவைத்த தன்வரலாற்றில் இறங்கியிருக்கிறேன். 1480 வாக்கில் தென் ஜெர்மனியில் பிறந்த சில்லறைப் பிரபு. யாக்ஸ்ட்ஹவுசனில் குடும்பக் கோட்டை இருந்தது. பங்கு கேட்க அண்ணன்மாரும் இருந்தார்கள். பையனாக, உறவினர் கொன்ராடுக்கு எடுபிடியாக 1495இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய புனித ரோமப் பேரரசின் பேரவைக்குப் போயிருக்கிறார். சொந்தப் பகைக்காக யாரும் ஆயுதம் தூக்கக்கூடாது என்று பேரரசு தடை போட்டது அந்தப் பேரவையில்தான். பிற்பாடு அந்தத் தடையை மீறுவதே இவருக்குப் பிழைப்பாயிற்று.

ஜனவரி 14
கை போன கதை. 1504, லான்ட்ஸ்ஹூட் முற்றுகை. நியூரம்பர்க்காரர்களின் பீரங்கிக் குண்டு வாளின் கைப்பிடியில் பட்டு, அது இரண்டாகப் பிளந்து கையில் ஏறியது. அவர்கள் இவர் பக்கம் நின்று போரிட்டவர்கள் என்பதுதான் கொடுமை. வலது கை வெறும் தோலில் தொங்குவதையும், ஈட்டி குதிரையின் காலடியில் கிடப்பதையும் பார்த்திருக்கிறார். ஒன்றும் நடக்காததுபோல் குதிரையை மெல்லத் திருப்பிக்கொண்டு தன் ஆட்களிடம் வந்து சேர்ந்தாராம். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ என்று தோன்றினாலும் அந்தக் கீழே கிடக்கும் ஈட்டி என்னை நம்பவைக்கிறது. பிறகு மாதக்கணக்கில் படுக்கை. சாவை வேண்டிக் கிடந்தவருக்கு, ஒற்றைக் கையோடு சண்டை போட்ட கோக்லே என்ற வீரரின் நினைவு வந்ததாம்.

ஜனவரி 15
அவருக்குச் செய்த இரும்புக் கைகள் இரண்டு யாக்ஸ்ட்ஹவுசனில் இருக்கின்றன. ஒன்று எளியது. மற்றதில் விரல்களின் மூட்டுகள் தனித்தனியே மடங்கும். தானாக அசையாது, இடது கையாலோ மேசையில் அழுத்தியோ விரலை மடக்க வேண்டும். உள்ளே பல்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் விரலைப் பழையபடி நிமிர்த்திவிடும். கடிவாளம் பிடிக்க அது போதும்.

ஜனவரி 19
இப்போதுதான் ஆளின் தொழில் பிடிபடுகிறது. சுத்தமான கட்டப்பஞ்சாயத்து. கொலோனில் குறிபார்த்துச் சுடும் போட்டியில் ஜெயித்த ஒரு தையல்காரருக்கு 100 குல்டன் (அன்றைய பொற்காசு) பரிசு தரவில்லை. வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டு, கோட்ஸ் அந்த ஊர் வணிகர்களைப் பிடித்துவைத்தார். அந்த ஊர்க்காரர் யார் சிக்கினாலும் கடனுக்குப் பொறுப்பு என்பது அன்றைய பகைச் சண்டையின் நியாயம். முன்கூட்டியே எழுத்தில் பகையை அறிவித்துவிட்டால் அது கொள்ளை இல்லை, கௌரவமான காரியம்!

1512இல் லைப்சிக் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நியூரம்பர்க் வணிகர் கூட்டத்தை ஃபோர்ஹைம் அருகே மடக்கினார். நியூரம்பர்க்கோடு இருந்த அந்தப் பகையின்போது ஒருநாள், ஓநாய்கள் ஆட்டு மந்தையில் பாய்வதைப் பார்த்து, “நல்லா இருங்க கூட்டாளிகளா” என்ற தோரணையில் வாழ்த்தினாராம். அதை நல்ல சகுனம் என்று மகிழ்கிறார். வெட்கமே இல்லை.

வணிகர்கள் பேரரசர் மாக்ஸிமிலியனிடம் போய் அழுதார்கள். கோட்ஸின் கூட்டாளி ஹான்ஸ் ஃபான் செல்பிட்ஸுக்கு ஒரு கால் கிடையாது. ஒருவனுக்குக் கை இல்லை, இன்னொருவனுக்குக் கால் இல்லை, இரண்டும் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பேரரசரே அந்த வணிகர்களைக் கேட்டதாகப் பெருமையோடு பதிகிறார். ஆனாலும் கோட்ஸுக்குப் பேரரசின் சட்டப் பாதுகாப்பு பறிபோனது. அதை நீக்க 14,000 குல்டன் இழப்பீடு என்று முடிந்தது.

ஜனவரி 20
1519இல், தென் ஜெர்மனியின் நகரங்களும் பிரபுக்களும் சேர்ந்த ஸ்வாபியக் கூட்டணியிடம் மாட்டி, ஹைல்பிரானில் மூன்று வருடம் காவல். வெளியே வர 2,000 குல்டன். அடுத்தவரைப் பிடித்துக் காசு வாங்கியவருக்கு இந்தக் கணக்கு மட்டும் அநியாயமாகப் படுகிறது.

ஜனவரி 26
1525, பிரபுக்களை எதிர்த்து விவசாயிகள் கிளம்பிய விவசாயிகள் போர். ஓடன்வால்டு விவசாயிகள் கட்டாயப்படுத்தியதால் நான்கு வாரம் மட்டும் தலைமை தாங்கினேன், அட்டூழியத்தைத் தடுக்கத்தான் பார்த்தேன் என்கிறார். பெருந்தோல்விக்கு முன்பே கழன்றுகொண்டார். இந்தப் பழியைத் துடைக்கத்தான் கிழவர் முழுக் கதையையும் எழுதவைத்தாரோ என்று எனக்குச் சந்தேகம். மிரட்டல் உண்மையாக இருக்கலாம். ஆனால் பிரபுக்களும் மடங்களும் சேர்ந்து ஆடிப்போன அந்த வசந்தத்தில், எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று அவர் கணக்குப் போடாமல் இருந்திருப்பாரா?

1528இல் ஆக்ஸ்பர்க்குக்கு வரவழைத்துச் சிறையில் அடைத்தார்கள். 1530இல் விடுதலை, அதுவும் நெக்கார் ஆற்றங்கரை ஹோர்ன்பெர்க் கோட்டை எல்லையைத் தாண்டக்கூடாது, குதிரை ஏறக்கூடாது என்ற நிபந்தனையோடு. 1540இல்தான் அது நீங்கியது. இரண்டே வருடத்தில் துருக்கியரை எதிர்க்கப் பேரரசுக்கு ஆள் தேவைப்பட, அறுபது தாண்டிய கோட்ஸ் 100 குதிரை வீரர்களைத் திரட்டிக்கொண்டு ஹங்கேரிக்குக் கிளம்பிவிட்டார்.