ஓடிபி வந்த எஸ்எம்எஸ்ஸிலேயே தொகை இருந்தது

வெளிநாட்டுக்கு விக்கிரகம் அனுப்புகிற எங்கள் சுவாமிமலைப் பட்டறையில், வெளிநாட்டுப் பணம் வாங்கித் தரும் ஆன்லைன் சேவையான பேபாலிலிருந்து மெயில் என்றால் காசு வந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் யோசிக்காமல் திறக்கிற மெயில் அது. இரண்டடி நடராஜருக்கு முன்பணம் வரவேண்டிய வாரமாகப் பார்த்து அந்தப் போலி வந்தது: "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, 24 மணி நேரத்துக்குள் விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் இருப்பிலுள்ள தொகை திருப்பி அனுப்பப்படும்." விளைவு, 24,800 ரூபாய் போயே போச்சு. இன்னொரு 23,700 ரூபாய் போகிற வழியில் நிறுத்தப்பட்டு நிற்கிறது.

லோகோ, நிறம், கீழே இருக்கும் சின்ன எழுத்து எல்லாம் அச்சு அசல். எழுத்துப் பிழையை வைத்துப் பிடித்துவிடலாம் என்ற பழைய யோசனையை மறந்துவிடுங்கள், இப்போதெல்லாம் பிழையே இருப்பதில்லை. போனில் அனுப்புநர் இடத்தில் பேபால் என்று பெயர் மட்டும்தான் தெரியும். பெயர் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்வது. அதைத் தட்டி முழு முகவரியைத் திறந்தால், அட் குறிக்குப் பிறகு பேபால், ஒரு கோடு, கேஒய்சி, டாட் காம் என்றிருந்தது. கோடு போட்டு ஒட்டினால் அது வேறு ஆளின் டொமைன், அதாவது வேறு இணைய முகவரி. லிங்க்கிலும் அப்படித்தான். விரலை அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியில் பேபால் டாட் காம் என்று தனியாக முடிய வேண்டும், முன்னால் எத்தனை தடவை பேபால் வந்தாலும் கணக்கில்லை. சிலர் எல் எழுத்துக்குப் பதில் பெரிய ஐ போட்டுவிடுவார்கள், கண்ணால் பிரிக்கவே முடியாது.

கண்ணை நம்பாத ஆள் ஒருவர் உண்டு, பாஸ்வேர்டு மேனேஜர். சேமித்துவைத்த பாஸ்வேர்டை அது சரியான டொமைனில் மட்டும்தான் நிரப்பும். அந்தப் பக்கத்தில் அது நிரப்பவில்லை. "இது ஏதோ மக்கர் பண்ணுது" என்று கையால் டைப் செய்ததுதான் முதல் தப்பு. இன்னொன்றும் உறைத்திருக்க வேண்டும். இந்தியக் கணக்கில் பேபால் பணத்தைத் தேங்க விடுவதில்லை, தினமும் தானாக வங்கிக்குத் தள்ளிவிடும். பிறகு எந்த இருப்பைத் திருப்பி அனுப்பப்போகிறார்களாம்?

முகவரி சரியாக இருந்தாலும் நிம்மதி கிடையாது. மோசடிக்காரன் உண்மையான பேபால் கணக்கு ஒன்றிலிருந்தே இன்வாய்ஸ் அனுப்புவான். மெயில் நிஜமாகவே பேபாலிலிருந்து வரும். கம்ப்யூட்டரில் ஜிமெயிலின் மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' பார்த்தால் மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகள் மூன்றும் பாஸ் என்றே காட்டும். விஷம் இருப்பது குறிப்புப் பகுதியில்: "இந்தத் தொகையை நீங்கள் செலுத்தவில்லை என்றால் இந்த எண்ணை அழைக்கவும்." அழைக்காதீர்கள், பணமும் கட்டாதீர்கள். நாச்சியார்கோயில் விளக்கோ தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையோ விற்பவர்களுக்கு வருவது வேறு ரகம். "வாங்குபவர் பணம் கட்டிவிட்டார், கூரியர் எண்ணை அனுப்பினால் விடுவிப்போம்" என்று வரும். மெயிலை மூடிவிட்டு, பேபால் ஆப்பைத் தனியாகத் திறந்து பாருங்கள். அங்கே அந்தத் தொகை இல்லையென்றால் பார்சல் கட்டவே வேண்டாம்.

போலிப் பக்கம் பாஸ்வேர்டுக்குப் பிறகு டெபிட் கார்டு எண், சிவிவி, கடைசியாக ஓடிபி கேட்டது. வந்த எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்கத்துக்குப் பக்கத்திலேயே 24,800 ரூபாய் என்றும், யாருக்கு என்றும் எழுதியிருந்தது. நோட்டிபிகேஷனில் எண்ணை மட்டும் பார்த்துத் தட்டுகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. "காலாவதியாகிவிட்டது, மறுபடி உள்ளிடவும்" என்று பக்கம் சொன்னதும் வந்த இரண்டாவது ஓடிபி, 23,700-க்கு.

அடுத்த தப்பு, கும்பகோணத்தில் வங்கிக் கிளைக்கு ஓடியது. கவுன்டரில் இருந்தவர், "சார், லெட்டர் எழுதிட்டு வாங்க", பிறகு "பாஸ்புக் ஜெராக்ஸ் வேணும்", பிறகு "மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார்" என்றே ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தின்றார். கார்டை பிளாக் பண்ணுங்கள் என்று கேட்டதற்கு, "அது ஆப்லயே பண்ணலாமே" என்றார். அதை முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

கார்டை ஆப்பில் முடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உடனே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கிளை அதற்குப் பிறகுதான். 1930-ல் கேட்பது: வங்கி, கணக்கு எண், தொகை, பணம் போன நேரம், பரிவர்த்தனை எண். யுபிஐ, ஐஎம்பிஎஸ் என்றால் அது 12 இலக்கம். எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்துக்கொண்டு அழையுங்கள், ஸ்டேட்மென்ட்டைத் தேடிக்கொண்டே பேச முடியாது. அவர்கள் தரும் ஒப்புகை எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் நிரப்ப வேண்டும். சம்பவ விவரம் 200 எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காது, ரூபாய்க் குறி மாதிரி சிறப்புக் குறிகள் போட்டாலும் முரண்டு பிடிக்கும். மெயிலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பிஷிங் அட் பேபால் டாட் காம் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பலாம். 1930-ல் சொன்ன நேரத்தில் இரண்டாவது தொகை ஒரு வாலெட்டில்தான் கிடந்தது, அதனால் நிறுத்த முடிந்தது. முதல் தொகை கிப்ட் வவுச்சராக மாறிவிட்டிருந்தது.

வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தில் தேதியோடு மணியும் போட்டுச் சீல் வாங்குங்கள். எங்களுக்குத் தேதி மட்டும் போட்டார்கள், மறுபடி நின்று மணியும் எழுத வைத்தோம். இது பிடிவாதம் இல்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் புகார் சொல்லும் வரை போன பணம் நம் பொறுப்பு, சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை மணிதான் சொல்லும்.

பேபால் பாஸ்வேர்டும் ஜிமெயில் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தன. இரண்டையும் மாற்றி, பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் டூ-ஸ்டெப் போட்டு, மற்ற சாதனங்களையெல்லாம் வெளியேற்றியதும் முடிந்தது என்று நினைத்தோம். மூன்று நாளாக நடராஜர் முன்பணத்துக்கு மெயிலே இல்லை. ஜிமெயில் செட்டிங்ஸில் 'பில்டர்ஸ்' பகுதியைத் திறந்தால் நாங்கள் போடாத ஒரு வரி இருந்தது: பேபால் என்று வந்தால் அழித்துவிடு. பக்கத்து 'பார்வர்டிங்' பகுதியில் தெரியாத ஒரு முகவரி. இரண்டையும் நீக்கிவிட்டு டிராஷைத் திறந்தோம். முன்பணம் வந்த மெயில் முந்தாநாளே வந்து அங்கே கிடந்தது.