சாவிச் சின்னம்: அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 3, 2025

நாங்கள் எழுதும் வி.பி.என் செயலி, கைபேசியின் இணையப் போக்குவரத்தை மறையாக்கம் செய்து, பயன்படுத்துகிறவர் தேர்ந்தெடுத்த சர்வர் வழியாக அனுப்புகிறது. அதைப் பற்றி இன்று காலை வந்த புகாரில் இரண்டே வரிகள் இருந்தன: இணைப்பு ஏற்பட்டதாகச் செயலி காட்டுகிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை. கைபேசி எது, ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, எந்த நிறுவனத்தின் சிம் என்று எதுவும் அதில் இல்லை. கேட்டு எழுதியதற்குப் பிற்பகலில் ஒரு வரி சேர்த்தார். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போய்ச் சேருகிறது, படம் மட்டும் போகவில்லை.

திரையின் மேல்பட்டையில் சாவிச் சின்னம் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறதாம். அந்தச் சின்னத்தை நம் செயலி வரைவதில்லை, ஆண்ட்ராய்டு வரைகிறது. டனலுக்கான, அதாவது சர்வர்வரை செல்லும் அந்த மறையாக்க வழிக்கான, இடைமுகத்தைச் செயலி கேட்டு, ஆண்ட்ராய்டு அதை உருவாக்கிக் கொடுத்த நொடியிலேயே சாவி தோன்றிவிடும். மறுமுனையில் சர்வர் இயங்குகிறதா, அங்கிருந்து ஒரு பாக்கெட்டாவது, அதாவது ஒரு தரவுத் துண்டாவது, திரும்பி வந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் பயன்படுத்துகிறவர் அதைப் பார்த்துத்தான் தமக்குப் பாதுகாப்பு இருப்பதாக நம்புகிறார். நாம் கொடுக்காத வாக்கை அந்தச் சின்னம் நம் பெயரில் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 4

மாலையிலிருந்து மழை, மின்சாரம் இல்லை. படம் ஏன் போகவில்லை?

அக்டோபர் 6

எழுத்து போய்ப் படம் நின்றுவிடுகிறது என்றால் பாக்கெட்டின் அளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அவருடைய அமைப்புக் கோப்பில் எம்.டி.யூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1420 பைட் என்று இருக்கிறது. ஈதர்நெட்டின் 1500 பைட்டிலிருந்து புதிய இணைய முகவரி முறையான ஐ.பி.வி6 தலைப்புக்கு 40, பாக்கெட்டைச் சுமக்கும் யூ.டி.பி தலைப்புக்கு 8, எங்கள் செயலியின் டனல் நெறிமுறையான வயர்கார்டு தனக்கென எடுத்துக்கொள்ளும் 32 ஆகியவற்றைக் கழித்தால் கிடைக்கும் எண் அது. பாதை முழுவதும் 1500 பைட்டைத் தாங்கினால் கணக்கு சரி. இவருடைய மொபைல் நெட்வொர்க்கோ கைபேசிக்கு ஐ.பி.வி6 முகவரி மட்டுமே தருகிறது; இவருடைய சர்வருக்குப் பழைய முறையான ஐ.பி.வி4 முகவரி மட்டுமே உண்டு. ஆகவே கைபேசி ஒவ்வொரு பாக்கெட்டையும் ஐ.பி.வி6 வடிவத்துக்கு மாற்றி அனுப்ப, நெட்வொர்க் அதைத் திரும்பவும் ஐ.பி.வி4 ஆக்கி வெளியே விடுகிறது. 464எக்ஸ்லாட் எனப்படும் இந்த ஏற்பாட்டில் 20 பைட் தலைப்பு 40 பைட்டாகிறது. 1420 உடன் ஐ.பி.வி4 தலைப்பு 20, யூ.டி.பி 8, வயர்கார்டு 32 என 60 சேர்ந்து 1480, மாற்றத்தில் இன்னும் 20 சேர்ந்து மிகச் சரியாக 1500. வழியில் ஏதேனும் ஓர் இடம் அதைவிடச் சற்றுக் குறைவாகத் தாங்கினாலும் நிறைந்த பாக்கெட் அங்கே விழுந்துவிடும். அளவைக் குறைக்கச் சொல்லித் திரும்பி வர வேண்டிய ஐ.சி.எம்.பி செய்தியை இடையில் ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டால், விழுந்தது அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது.

இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்த்து இணையும் ஹேண்ட்ஷேக்கின் முதல் செய்தி 148 பைட், அதற்கான பதில் 92 பைட். அவை எங்கும் நுழைந்துவிடும். மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போகும், எழுத்துச் செய்தியும் போகும். வலைத்தளம் தன் சான்றிதழை அனுப்பும்போதுதான் பாக்கெட் நிறைகிறது, அங்கேயே எல்லாம் நின்றுவிடுகிறது. செயலி அளந்து பார்க்கும் எல்லா எண்களும் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்க, பயன்படுத்துகிறவருக்கு மட்டும் ஒன்றும் வந்து சேர்வதில்லை. மற்ற வழுக்கள் ஏதேனும் ஒரு பிழைச் செய்தியையாவது விட்டுச் செல்லும். இது அதைக்கூடச் செய்வதில்லை.

எம்.டி.யூவை 1280 ஆக்கிப் பார்க்கும்படி எழுதியிருக்கிறேன். டனலுக்குள் ஐ.பி.வி6 ஓட வேண்டுமானால் அதற்குக் கீழே இறங்க முடியாது. மேலே சேர்வதெல்லாம் சேர்ந்தாலும் வெளியே 1360 பைட்டில் முடிந்துவிடும்.

அக்டோபர் 7

வேறொருவர் தம் அமைப்புக் கோப்பை முழுவதுமாக ஒட்டி அனுப்பிவிட்டார், யாருக்கும் காட்டக் கூடாத தனித் திறவுகோல் உட்பட. 44 எழுத்துகள் கொண்ட அந்த வரியைப் பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை நீக்கினேன். பிறகு அவருக்கு நிதானமாக ஒரு கடிதம் எழுதினேன். நீக்கியது போதாது, அந்தத் திறவுகோல் சோடியைச் சர்வரிலிருந்தே எடுத்துவிட்டுப் புதியதை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அவர் உதவி கேட்டுத்தான் அதை அனுப்பினார்; உதவி கேட்கிறவர் எதை அனுப்பலாம், எதை அனுப்பலாகாது என்று தேர்ந்தெடுக்கும் சுமையை அவர்மேல் வைப்பது முறையன்று. பதிவை ஏற்றுமதி செய்யும் பொத்தானே திறவுகோல்களையும் சர்வர் முகவரியையும் மறைத்த பிறகுதான் கோப்பை வெளியே தர வேண்டும். அடுத்த பதிப்பில் இது இல்லாமல் நான் எதையும் வெளியிட மாட்டேன்.

அக்டோபர் 9

மாமா பொள்ளாச்சிக்குக் காய்கறி ஏற்றப் போகும் வண்டியில் சோதனைப் பதிப்போடு கைபேசியைக் கொடுத்தனுப்பினேன். அதில் கேரள சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று. எதில் சமிக்ஞை நன்றாக இருக்கிறதோ அதற்குத் தரவு தானாக மாறிக்கொள்ளும். கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் அவர் அழைத்தார். "சாவி இருக்குது மாப்பிள்ளை, ஆனா பாட்டு நின்னுபோச்சு" என்றார்.

இரவு பதிவைப் படித்தேன். கைபேசியின் முகவரி மாறியது குற்றமன்று. முகவரி மாறினாலும், சரியான திறவுகோலோடு வரும் அடுத்த பாக்கெட்டைக் கண்டதும் சர்வர் புதிய முகவரியைத் தானே குறித்துக்கொள்ளும். வயர்கார்டின் அழகே அதுதான். இங்கே நடந்தது வேறு. டனல் தொடங்கியபோது சர்வரின் பெயருக்கு ஐ.பி.வி6 முகவரி கிடைத்திருக்கிறது. மற்ற சிம்முக்கு மாறியதும் கைபேசிக்கு ஐ.பி.வி4 மட்டுமே கிடைத்திருக்கிறது. பெயருக்கு உரிய முகவரியை டனல் தொடக்கத்தில் ஒரு முறை மட்டுமே கேட்டுவைத்துக்கொள்வதால், போக வழியில்லாத முகவரிக்கே அது திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டு பிராட்பேண்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் மின்தடைக்குப் பிறகு அனுப்பும் புகார்களுக்கும் இதுதான் வேர் என்று நினைக்கிறேன்: ரவுட்டர் மீண்டும் எழும்போது புதிய முகவரி வந்துவிடுகிறது, கைபேசியோ பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நெட்வொர்க் மாறும்போதெல்லாம் பெயரை மறுபடி கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி டனலுக்குள் போனால் செத்த டனலுக்குள்ளேயே போகும். அதை மட்டும் டனலுக்கு வெளியே, அடியில் இருக்கும் நெட்வொர்க் வழியாகவே கேட்டாக வேண்டும். டனல் தொடங்கும்போதும் அப்படித்தான் கேட்கிறோம் என்பதால் புதிதாக எதுவும் வெளியே தெரிந்துவிடப் போவதில்லை. ஆயினும் இதை ஆவணத்தில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

அக்டோபர் 10

முதலில் எழுதியவரிடமிருந்து பதில் இல்லை.

அக்டோபர் 11

படம் போகாத நிலையைச் செயலியே கண்டுபிடிக்க முடியுமா என்று நாள் முழுவதும் யோசித்தேன். இணைந்தவுடன் பெரிய பாக்கெட் ஒன்றை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்த்தால் போதும். யாருக்கு அனுப்புவது? எல்லோரும் அறிந்த ஏதோவொரு பெரிய நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பினால், பயன்படுத்துகிறவர் தேர்ந்தெடுக்காத ஒருவரிடம் அவர் எப்போது இணைகிறார் என்ற செய்தியை நாமே கொண்டுபோய்க் கொடுத்தவர்களாவோம். நீங்கள் எழுதிவைத்த சர்வரைத் தவிர வேறு யாரிடமும் இந்தச் செயலி பேசாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். அந்த வரிக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அமைப்புக் கோப்பில் உள்ள, பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டி.என்.எஸ் சர்வர் அவர்களே தேர்ந்தெடுத்தது. அதற்கான கேள்வியை வெற்று பைட்டுகளால் பெரிதாக்கி அனுப்பலாம். மேலே போகும் வழியை அது சோதித்துவிடும். கீழே வரும் வழியைச் சோதிக்காது, தடை இருப்பதோ பெரும்பாலும் அங்கேதான்.

ஆகவே கோப்பில் எம்.டி.யூ எழுதப்படாத இடத்தில் 1280 என்று வைத்துக்கொள்வோம். எழுதியிருந்தால் எழுதியவருடைய சொல்லை மாற்ற மாட்டோம். மொபைல் நெட்வொர்க்கில் இருக்கும்போது மட்டும் ஒரு குறிப்பு காட்டுவோம். இப்போதைக்கு என் முடிவு இது.

அக்டோபர் 13

அமீரகத்திலிருந்து ஒருவர். ஊரிலிருக்கும் தாயைப் படத்தோடு அழைத்துப் பேச வேண்டும் என்கிறார். ஹேண்ட்ஷேக் ஒரு முறைகூட நிறைவேறுவதில்லை. வயர்கார்டு தன்னை மறைத்துக்கொள்ளும் நோக்கத்தோடு எழுதப்பட்டதன்று. முதல் செய்தி எப்போதும் 148 பைட், அதன் முதல் பைட் எப்போதும் 1, அடுத்த மூன்றும் சுழியம். பார்க்க விரும்புகிறவருக்கு அதை அடையாளம் காண்பது எளிது. பாக்கெட்டின் உருவத்தை மாற்றி அனுப்பும், வயர்கார்டிலிருந்து பிரிந்த கிளைத் திட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார்.

சேர்ப்பதற்கு என் கை எழவில்லை. குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ இணைய முகவரியை மறைத்தால் குறைந்தது 5 லட்சம் திர்ஹாம் அபராதம் விதிக்க அந்நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அவர் செய்ய விரும்புவது எந்தப் பிரிவில் அடங்கும் என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொன்னதை நம்பி அவர் நடந்து, பிறகு ஏதேனும் நேர்ந்தால் அதைத் தாங்கப்போவது நானல்ல, அவர். இந்தச் செயலியால் அங்கே தம்மை மறைத்துக்கொள்ள முடியாது என்றும், அங்கே அனுமதிக்கப்பட்ட அழைப்புச் செயலிகளைப் பார்க்கும்படியும் எழுதினேன். நன்றி என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 15

ஐந்து ஆண்டுகளுக்குப் பயனர் விவரங்களைச் சேமிக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணையை மனத்தில் வைத்துக் கேட்கிறார். அது வி.பி.என் சேவை வழங்குகிறவர்களுக்கானது. எங்களிடம் சர்வரும் இல்லை, கணக்கும் இல்லை, பயனர் பட்டியலும் இல்லை. நீங்கள் எவருடைய சர்வரோடு இணைகிறீர்களோ அவரிடம் இதைக் கேளுங்கள் என்று எழுதினேன்.

அக்டோபர் 16

நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15 மற்றும் அதற்குப் பிந்தையவற்றை இலக்காகக் கொண்ட பதிப்புகள் 16 கிலோபைட் நினைவகப் பக்கங்களுக்கு ஏற்றவையாக இருந்தால்தான் பிளே ஸ்டோர் ஏற்கும். இதுவரை 4 கிலோபைட்டை நம்பியே கட்டி வந்தோம். கோ மொழியில் எழுதப்பட்ட உள்நூலகத்தைப் புதிய கருவித்தொகுப்பில் மறுபடி கட்டினேன், சரியாக வந்தது. திறந்த மூலச் செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்டுக்கான கட்டுமானம் மட்டும் ஒத்துவரவில்லை. மூல நிரலிலிருந்து அவர்கள் கட்டுவதும் நான் கட்டுவதும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தால்தான், வெளியிட்ட கோப்பில் நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை என்பதற்கு என் சொல்லைத் தவிர வேறு சான்று கிடைக்கும். என் கணினியின் கோப்புறைப் பாதை எங்கேயோ உள்ளே பதிந்திருக்கிறது.

அக்டோபர் 17

கிடைத்துவிட்டது. பாதைகளை நீக்கும் தெரிவு ஒரு கட்டுமான நிரலில் விடுபட்டிருந்தது. இரண்டு கோப்புகளும் இப்போது ஒன்று!

அக்டோபர் 18

பெயரை மறுபடி கேட்கும் மாற்றம் வேலை செய்கிறது. ஆனால் அதற்காக டனலை மூடித் திறக்கும் இடைவெளியில் என்ன வெளியே போகிறது என்ற கவலை பிடித்துக்கொண்டது. டனல் இல்லாமல் எதுவும் போகக் கூடாது என்ற தெரிவை இயக்கியிருந்தாலும், இணைப்புச் சோதனைக்கான சில பாக்கெட்டுகளை ஆண்ட்ராய்டு வெளியே விடுகிறது என்று 2022 அக்டோபரில் முல்வாட் என்ற வி.பி.என் நிறுவனம் எழுதியது. டனல் மூடித் திறக்கும்போது டி.என்.எஸ் கேள்விகள் கசியும் என்று 2024 மே மாதத்திலும் அவர்களே கண்டு சொன்னார்கள். ஆகவே மூடாமல் மாற்ற வேண்டும். இடைமுகத்தை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே சர்வரின் முகவரியை மட்டும் மாற்றினால் இடைவெளியே இல்லை. வயர்கார்டு அதற்கு இடம் தருகிறது. எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறேன்.

தடுக்கும் தெரிவு இயங்குகிறதா என்பதை ஆண்ட்ராய்டு 10 முதல் செயலியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இயங்கவில்லை என்றால் அதையும் முகப்பிலேயே சொல்லிவிடலாம்.

அக்டோபர் 20

தீபாவளி. அக்கா வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. முதலில் எழுதியவர் இன்னும் எழுதவில்லை.

அக்டோபர் 22

சோதனைப் பதிப்பை வெளியிட்டேன். இனி "இணைக்கப்பட்டது" என்ற சொல் செயலியில் எங்கும் இல்லை. அந்த இடத்தில் கடைசி ஹேண்ட்ஷேக் எத்தனை நேரத்துக்கு முன் நடந்தது என்பது மட்டும் தெரியும். சாவி என்ன சொன்னாலும் அதன் கீழே உண்மை நிலை இருக்கும்.

அக்டோபர் 23

மாமா கோபாலபுரத்தைத் தாண்டினார், பாட்டு நிற்கவில்லை.

அக்டோபர் 27

முதலில் எழுதியவர் திரும்பி வந்தார். 1280 ஆக்கியதும் படங்கள் போகின்றனவாம். வேலையிருந்ததால் எழுத முடியவில்லையாம். என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. ஆனால் அதே கடிதத்தில், கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு வந்து பார்த்தால் கடைசி ஹேண்ட்ஷேக் 40 நிமிடங்களுக்கு முன் என்று காட்டுகிறது, டனல் அறுந்துவிட்டதா என்றும் கேட்டிருக்கிறார்.

அறுந்திருக்காது. பேச ஒன்றும் இல்லாதபோது வயர்கார்டு பேசாது, அதனால் ஹேண்ட்ஷேக்கும் நடக்காது. சும்மா இருக்கும் டனலும் செத்த டனலும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரியும். 25 வினாடிக்கு ஒரு முறை ஒரு பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்த எண் பெரிதாகாது, ஆனால் நம் பதற்றத்துக்காக அவருடைய பேட்டரியைச் செலவழிக்க எனக்கு மனமில்லை. உண்மையான எண்ணைக் காட்டியும் அவரை அச்சப்படுத்தியிருக்கிறோம்.

அக்டோபர் 28

நெறிமுறையிலேயே விடை இருக்கிறது. தரவை அனுப்பிய பிறகு 15 வினாடிகளுக்குப் பதில் ஒன்றும் வராவிட்டால் வயர்கார்டு தானாகவே புதிய ஹேண்ட்ஷேக்கைத் தொடங்குகிறது. அதுவரை இருப்பது அமைதி, அதற்குப் பிறகு இருப்பது பதிலின்மை. முகப்பில் மூன்று நிலைகள் போதும்: இயங்குகிறது, அமைதியாக இருக்கிறது, பதில் இல்லை. முதல் இரண்டுக்கும் நிரல் எழுதி முடித்துவிட்டேன். மூன்றாவதில் ஒரு சிக்கல்: 90 வினாடிகள் முயன்ற பிறகு வயர்கார்டு முயற்சியைக் கைவிட்டு, புதிய பாக்கெட் ஒன்று புறப்படும் வரை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பை எண்ணிக்கைகளில் மட்டும் பார்த்தால் அமைதி என்றே தோன்றும். அங்கே "பதில் இல்லை" என்பதை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்று நாளை முடிவு செய்ய வேண்டும்.