ஊசி கேட்ட பாட்டி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூக்கொழுகும் பிள்ளைகள்தான். ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கமிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார்கள். நேற்று சீட்டு வாங்கிய குழந்தைகளில் பாதிக்கு மேல் சளி, இருமல்.

ஒரு பாட்டி, எட்டு மாதப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஒரு ஊசி போட்டுவுடு சிஸ்டர், நேத்துலேர்ந்து பால் குடிக்க மாட்டேங்குது" என்றார். அழும்போது எண்ணினால் கணக்கு தப்பும். அடங்கும்வரை காத்திருந்து, சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். 64. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டாலே வேக மூச்சு. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி வேறு விழுந்தது. டாக்டர் பார்த்துவிட்டு உடனே 108-ல் அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அப்புறம் மற்ற பிள்ளைகள். பெரும்பாலும் வைரஸ் சளி. குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கும் ஆர்எஸ்வி வைரஸ் ஆனாலும் சாதாரண ஜலதோஷம் ஆனாலும் ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. தாய்ப்பால், கதகதப்பு, மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு, போதும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் தொண்டை கட்டிவிடுகிறது. பீடி சுற்றும் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கே கூச்சம்தான். சிலர் நேராக மெடிக்கலுக்குப் போய்ப் பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கிவிடுகிறார்கள்.

இன்று காலை பாட்டி போன் செய்தார். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம், பேரன் கொஞ்சம் பால் குடித்தானாம். "ஊசி போட்டாங்களா?" என்று கேட்டேன். "எங்க போட்டாங்க!" என்றார், இன்னும் குறையாகவே.