17 நாள்ல போச்சு

2022 ஆகஸ்ட் 25, அமெரிக்காவுலேந்து மூட்டை முடிச்சோட இந்தியா வந்து எறங்கினோம். பாத்தவங்க எல்லாம் மொதல்ல கேட்டது "401கே பணத்தை எடுத்துட்டியா?"ன்னுதான். அது அங்க ஓய்வுகாலத்துக்குன்னு சம்பளத்துலேந்து சேக்கற பணம். எடுக்கல. 59½ வயசுக்கு முன்னாடி கை வெச்சா வரிக்கு மேல இன்னொரு 10 சதவீதம் பெனால்டி, எதுக்கு வம்பு, அது பாட்டுக்கு அங்கயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன். நான் கோட்டை விட்டது வேற எடத்துல.

திரும்பி வர்றவங்களுக்கு நம்ம வரி சட்டத்துல ஆர்என்ஓஆர்னு (ரெசிடென்ட் பட் நாட் ஆர்டினரிலி ரெசிடென்ட்) ஒரு ரெண்டுங்கெட்டான் ஸ்டேட்டஸ் இருக்கு. அது இருக்கற வரைக்கும் அமெரிக்காவுல ஷேர் வித்து வர்ற லாபத்துக்கு இங்க வரி கெடையாது, பணம் மட்டும் மொதல்ல அங்க இருக்கற அக்கவுண்ட்ல விழணும். என்னை மாதிரி கிரீன் கார்டு இல்லாம எச்1பி வேலை விசாவுலேந்து கெளம்பி வந்து, அவங்க வரிக் கணக்குல நான்-ரெசிடென்ட் (அங்க குடியிருக்காதவங்க) ஆயிட்டவங்ககிட்ட அமெரிக்காக்காரனும் ஷேர் லாபத்துக்கு வரி கேக்கறதில்ல. ரெண்டு பக்கமும் சைபர்! வித்துட்டு அன்னிக்கே திரும்ப வாங்கிப் போட்டாக்கூட பழைய லாபம் அதோட கழிஞ்சுடும். இதெல்லாம் எனக்கு நல்லாவே தெரியும், ஆனா மூணு வருஷம் டைம் இருக்கே, ஷேர் இன்னும் கொஞ்சம் ஏறட்டுமேன்னு ஒரு நப்பாசை, ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு 2025 ஜனவரியிலதான் வித்தேன்.

ரிட்டர்ன் போடறப்ப ஆடிட்டர் பாஸ்போர்ட்டை கேட்டார். மொத ரெண்டு வருஷம் பிரச்சனையே இல்ல, அதுக்கு முந்தின 10 வருஷத்துல 9 வருஷம் என்ஆர்ஐயா இருந்தா போதும். நான் ஷேர் வித்த மூணாவது வருஷத்துக்கு அது உதவாது, முந்தின 7 வருஷத்துல இந்தியாவுல இருந்தது 729 நாளைத் தாண்டக்கூடாது. ஸ்டாம்ப் ஸ்டாம்பா பாத்து எண்ணினோம். ஏப்ரல் டு மார்ச் கணக்குல வந்த வருஷம் 219, அடுத்தது லீப் வருஷம் 366, அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துல லீவுக்கு வந்து போனது 161. 2021ல அப்பாகூட இருக்கலாம்னு வந்து மூணு மாசம் இங்கேந்தே வேலை பாத்தேனே, அது சுத்தமா மறந்தே போச்சு. மொத்தம் 746.

"17 நாள் ஜாஸ்தி சார்"னார், ஏதோ லைப்ரரி புஸ்தகம் லேட்டுங்கற மாதிரி.

பத்து வருஷமா சேந்த லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, அட்வான்ஸ் டாக்ஸ் கட்டலைன்னு மாசம் 1 சதவீதம் வட்டி வேற. அப்பாகூட இருந்த மூணு மாசத்தை மட்டும் குறை சொல்ல மனசு வரல.

401கேக்காவது ஒழுங்கா ஃபார்ம் 10-ஈஈ போட்டேன். செக்ஷன் 89ஏ-ன்னு 2021 பட்ஜெட்ல கொண்டுவந்தது, வளர்ற பணத்துக்கு வருஷா வருஷம் வரி கட்டாம, எடுக்கறப்ப கட்டிக்கலாம். ரிட்டர்ன் கெடுவுக்குள்ள போடணும், ஒரு தடவ போட்டா வாபஸ் வாங்க முடியாது.

ரிட்டர்ன்ல இருக்கற ஷெட்யூல் எஃப்ஏங்கற பகுதில வெளிநாட்டு அக்கவுண்ட் எல்லாத்தையும் ஜனவரி டு டிசம்பர் கணக்குல காட்டணும், அதுக்கு ஸ்டேட்மென்ட் எடுக்கலாம்னு லாகின் பண்ணா ஓடிபி என் பழைய அமெரிக்க நம்பருக்கு போகுது, அந்த சிம்மை நான் வந்த ரெண்டாவது மாசமே கட் பண்ணிட்டேன். கஸ்டமர் கேர்ல நோட்டரி கையெழுத்தோட லெட்டர் அனுப்புங்கங்கறாங்க. என் வொய்ஃப் கெளம்பறதுக்கு முன்னாடியே அவ நம்பரை இன்டர்நெட் நம்பரா மாத்தி வெச்சிருக்கா, எங்கிட்டயும் சொன்னாளாம். அவ அக்கவுண்ட் ரெண்டு நிமிஷத்துல ஓபன் ஆச்சு.