நம்பர் விழாத வயல்

கல்லூரியில் 'புள்ளியியலின் வரம்புகள்' ஐந்து மதிப்பெண் கேள்வி. தனி ஒருவரைப் பற்றி அது பேசாது, கூட்டத்துக்கும் சராசரிக்கும்தான் பொருந்தும் என்று மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுதியது விளங்கியது, வாழப்பாடிப் பக்கம் பயிர் அறுவடைச் சோதனைக்கு, அதாவது சில வயல்களில் ஒரு துண்டை மட்டும் அறுத்து எடைபோட்டு ஊர் விளைச்சலைக் கணக்கிடும் வேலைக்கு, போன பிறகுதான்.

பெரிய கருவி ஒன்றும் கிடையாது. முளைக்குச்சி, கயிறு, தராசு. வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, சமவாய்ப்பு எண் சொல்கிறபடி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் காலடி வைத்துப் போய், 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுக்க வேண்டும். ("கன்னி மூலையிலயா ஆரம்பிக்கிறீங்க, நல்லதுதான்" என்பார்கள்.) அந்தத் துண்டு ஒரு ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. தராசில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 40 கிலோ பிசகும். கயிற்றின் மேலேயே நிற்கும் நெற்குத்துதான் தலைவலி. கண் அதை உள்ளே சேர்க்கவே பார்க்கும். கதிர் கனமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். துண்டு சிறுக்கச் சிறுக்க இந்த ஓரத் தவறு பெருத்து, விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று 1940-களிலேயே புள்ளியியல் அறிஞர் சுகாத்மே காட்டினார். சிறு துண்டுகளை விரும்பிய இன்னொரு புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸோடு அதில் அவருக்குப் பெரிய வாக்குவாதம். குனிந்து குத்து எண்ணும்வரை எனக்கு அது வெறும் ஏட்டுச் சண்டைதான்.

சரி, இதெல்லாம் கவனமாக இருந்தால் குறைகிற தவறு.

நெல்லுக்கான பயிர்க் காப்பீட்டில், வறட்சி இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சல், முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5-ஐ வைத்துப் போட்ட வரம்புக்குக் கீழே போனால்தான் இழப்பீடு. அந்த ஊரில் ஒரு பெரியவரின் கிணறு, கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து வற்றிவிட்டது. அக்கம்பக்கத்தில் ஆழமான போர், பயிர் தப்பியது. எண் விழுந்த நான்கு வயலிலும் நல்ல விளைச்சல். அவர் ஒரு பிடி நெல்லை உருவி என் கையில் வைத்தார். கனமே இல்லை, அத்தனையும் பதர்.

"என் வயல்ல ஏன் கண்ணு அறுக்கல?"

"நம்பர் விழலைங்க தாத்தா."

இரக்கப்பட்டுக் கயிற்றை அங்கே மாற்றியிருந்தால் சோதனையே கெட்டிருக்கும். நான் மாற்றவில்லை. ஊர்ச் சராசரியும் சரியாகத்தான் இருந்தது.

"அடுத்த போகத்துக்காச்சும் என் நம்பரையும் சேர்த்துப் போடு கண்ணு."

இந்தப் போகத்திலும் அது நம்பர் எடுத்த பட்டியலில் இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "ஆகட்டுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு வரப்பேறினேன்.